சுவிஸ் கொட்டையும் காங்கேயத்து வெயிலும்

கோயம்புத்தூர் விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறந்த அதிகாரி முதலில் மூக்கைச் சுருக்கினார், பிறகு என்னைப் பார்த்தார். கருவாடா என்று கேட்டார். இல்லை, புகையில் காய்ந்த கொட்டை என்றேன். தேவையான பத்திரங்கள் எல்லாம் கையில் இருந்தன, ஒவ்வொன்றாக நீட்டினேன். அவர் ஒரு கொட்டையை எடுத்து நகத்தால் சுரண்டினார், மணந்து பார்த்தார், இதற்காகவா சுவிட்சர்லாந்தில் இருந்து வருகிறீர்கள் என்று உண்மையான இரக்கத்தோடு கேட்டார். ஓம், இதற்காகத்தான் வந்தேன்.

வாயைக் கொடுத்து மாட்டுப்படுவது என் பிறவிக் குணம். அதனால் வந்த பயணம் இது. எங்கே மாட்டுப்பட்டேன் என்று சொல்லாவிட்டால் மிச்சக் கதை விளங்காது.

யாழ்ப்பாணத்தை விட்டு வந்த காலத்திலிருந்து நான் இருப்பது சுவிட்சர்லாந்தின் தெற்கு மூலையில், இத்தாலி மொழி பேசும் ஒரு மலைக் கிராமத்தில். ஊரைச் சுற்றிக் கஸ்தான்யா மரங்கள். ஆங்கிலத்தில் செஸ்நட் என்பார்கள். பனிக்காலத்தில் ஓர் இலை இல்லாமல் மொட்டையாக நிற்கும். ஐப்பசியில் அதன் முள்ளுக்காய்கள் தொப்புத் தொப்பென்று விழும். முள்ளு என்றால் பலாக்காய் முள்ளு இல்லை, கை வைக்க முடியாத ஊசி முள்ளு. சப்பாத்துக் காலால் மிதித்துத்தான் காயைத் திறக்க வேண்டும். உள்ளே மண்ணிறத்தில் மினுங்கிக்கொண்டு இரண்டு மூன்று கொட்டை இருக்கும். அவித்தும் சாப்பிடலாம், சுட்டும் சாப்பிடலாம். புகையில் வாரக்கணக்காகக் காயவைத்து, ஓட்டை நீக்கி, மாவாக்கி வருடம் முழுக்க வைத்தும் சாப்பிடலாம். கோதுமை சரியாக விளையாத அந்த மலையில் சனத்தின் வயிற்றைக் காத்தது இந்த மரம்தான், அதனால் அதைப் பாண் மரம், ரொட்டி மரம் என்பார்கள். எங்களுக்குப் பனை எப்படியோ அப்படி. முதல் தடவை அந்த மாவை மணந்து பார்த்தபோது, அட, இது ஒடியல் மா அல்லவா என்று நான் வாய்விட்டுச் சொன்னேன். காய்ந்த பனங்கிழங்கை இடித்த மா அது.

எங்கள் ஊரில் ஒரேயொரு புகைவீடு மிஞ்சியிருக்கிறது. கீழே நெருப்பு, மேலே சட்டம் அடித்த பரணில் கொட்டை. ஊர்ச் சங்கம் அதை நடத்துகிறது. மாவு அரைத்து, அதில் கேக்கும் ரொட்டியும் செய்து விற்பது என் வேலை. காய்ந்த கொட்டையின் ஓட்டை நீக்க, அதைச் சாக்கில் கட்டி மரக்குற்றியில் அடிப்பார்கள். அடித்த ஆம்பிளைகளுக்கு வயது போய்விட்டது, தோள்மூட்டும் போய்விட்டது. சென்ற மார்கழிக் கூட்டத்தில் சங்கத் தலைவர் பியெரோ எழுந்து, அடிக்க ஆள் இல்லை, ஐரோப்பிய மெஷின் வாங்க வழி இல்லை, புகைவீட்டை விடுமுறை வீடாக மாற்ற ஒருவர் கேட்கிறார், கொடுத்துவிடுவோம் என்றார். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார்கள். நான் மட்டும் எழும்பினேன். கோயம்புத்தூர் என்று ஓர் ஊர் இருக்கிறது, அங்கே கடலை உடைக்கிற மெஷின் செய்கிறார்கள், இதையும் நான் செய்வித்துக் காட்டுகிறேன் என்றேன்.

பியெரோ சிரித்தார். "இந்தியாவிலிருந்தா? மிளகாய்த்தூளும் சேர்த்து அனுப்புவார்களா?" என்றார். மண்டபமே சிரித்தது.

பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வரை எனக்குத் தவணை. அதற்குள் மெஷின் ஓடுவதைக் கண்ணால் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் புகைவீடு போகும், என் வேலை போகும். வேலையை விடுங்கள். அந்தச் சிரிப்புக்கு மறுமொழி சொல்லாமல் அந்த ஊர்த் தெருவில் நான் எந்த முகத்தோடு நடப்பது? புதன்கிழமை கோவையில் வந்து இறங்கியபோது அந்தக் கூட்டம் அதே வாரக் கடைசியில் இருந்தது.

டாக்ஸிக்காரத் தம்பி நான் இரண்டு வசனம் கதைத்த உடனேயே கேரளாவுங்களா என்று கேட்டார். இல்லை, தமிழ்தான் என்றேன். அவர் நம்பவில்லை. பாலக்காட்டுப் பக்கம் தமிழ் இப்படித்தான் இருக்கும் என்று எனக்கே விளக்கம் சொன்னார். யாழ்ப்பாணம் என்றதும் காரின் வேகம் குறைந்தது, மரியாதை கூடியது. ஏற்கனவே ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு 'ங்க' போட்டுத்தான் கதைத்தார்; அதற்குப் பிறகு இரண்டு போட்டார். எங்கள் ஊர் ஆட்கள் 'வாங்கோ, இருங்கோ' என்பதையே பெரிய மரியாதை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இங்கே சிக்னலில் குறுக்கே வந்த மோட்டார் சைக்கிள்காரனைத் திட்டும்போதுகூட, "ஏனுங்க, கண்ணு தெரியலீங்களா?" என்றுதான் திட்டுகிறார்கள்.

பட்டறை சிங்காநல்லூரில். தெரு முழுக்கக் கடைசல் சத்தமும் வெல்டிங் பொறியும். ஒரு வீட்டில் பம்ப், அடுத்த வீட்டில் கிரைண்டர், அதற்கடுத்த வீட்டில் ஏதோ ஒரு மில்லுக்குப் பல்சக்கரம். எங்கள் கிராமத்தில் ஒரு திருகாணி தேவைப்பட்டால் பக்கத்து நகரத்துக்கு ரயிலேற வேண்டும். இங்கே தெருவைக் கடந்தால் போதும் என்று பார்த்தபோதே எனக்கு அரைவாசித் தைரியம் வந்துவிட்டது.

பட்டறை முதலாளி கனகராஜ். மாதக்கணக்காக வாட்ஸ்அப்பில் கதைத்துக் கதைத்து மெஷினைச் செய்து முடித்திருந்தார். வரைபடம் ஏதும் கிடையாது. நான் அனுப்பிய படத்தையும், கொட்டையின் நீள அகலத்தையும் வைத்தே செய்துவிட்டார். பச்சைப் பெயிண்ட் அடித்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, கல்யாண வீட்டு மாப்பிள்ளை மாதிரி நிறுத்தியிருந்தார்கள். மெஷினைச் செய்வது கனகராஜ் என்றால், கனகராஜைச் செய்விப்பது அவர் மனைவி சாந்தி. ஆர்டர் எடுப்பது, இரும்பு வாங்குவது, ஆளுக்கு வேலை பிரிப்பது எல்லாம் அவர்தான்.

பெட்டியைத் திறந்து கொட்டையைக் காட்டினேன். பட்டறை ஆட்கள் எல்லாம் சுற்றி வந்து நின்றார்கள். மரத்திலிருக்கும் முள்ளுக்காயின் படத்தைக் காட்டியதுதான் தாமதம், நீண்ட கைகள் எல்லாம் பின்வாங்கின. ஊமத்தங்காயாட்ட இருக்குதுங்களே என்றார் வெல்டர். ஊமத்தை தின்றால் பைத்தியம் பிடிக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். நான் ஒன்றை உடைத்து வாயில் போட்டுக் கடித்துக் காட்டினேன். மரியாதைக்கு ஒன்றும் குறைவில்லை. ஆனால் சாயங்காலம் வரைக்கும் என்னை ஒரு மாதிரிக் கவனித்துக்கொண்டே இருந்தார்கள். கஸ்தான்யா என்ற பெயர் ஒருவர் வாயிலும் நிற்கவில்லை. அன்றைக்கே அது 'சுவிஸ் கொட்டை' ஆகிவிட்டது.

மத்தியானம் சாந்தி வீட்டில் அரிசிம்பருப்புச் சாதம். அரிசியையும் துவரம் பருப்பையும் ஒன்றாகப் போட்டுச் சின்ன வெங்காயம், பூண்டு, மிளகாய் தாளித்து இறக்குகிறார்கள், மேலே நெய். இதென்ன பெரிய சமையல் என்று நினைத்துக்கொண்டு ஒரு வாய் வைத்தேன். மூன்றாவது தடவையும் சாப்பாட்டுக் கோப்பையை நீட்டினேன். தண்ணீர் கொடுத்துவிட்டு, நான் குடித்து முடிக்கும் வரை கனகராஜ் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சிறுவாணித் தண்ணியுங்க என்றார். ஆல்ப்ஸ் மலைத் தண்ணீர் குடிக்கிறவள் நான். இருந்தாலும் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, இப்படி ஒரு தண்ணீரை நான் குடித்ததே இல்லை என்று சொன்னேன்.

வியாழக்கிழமை சல்லடையின் கண்ணைப் பெரிதாக்கினார்கள், உருளைக்கு ரப்பர் ஒட்டினார்கள், காற்றாடியைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தார்கள். எனக்கு அங்கே செய்ய ஒன்றுமில்லை. பெட்டியிலிருந்த கொட்டையில் பாதியைப் பட்டறையில் விட்டுவிட்டு, மீதியை லாட்ஜில் வைத்துவிட்டு ஊர் சுற்றக் கிளம்பினேன். காலையில் சந்தகை என்று ஒன்று கொடுத்தார்கள். பார்த்தால் எங்கள் இடியப்பம், ஆனால் தேங்காய்ப்பாலும் வெல்லமும் விட்டுச் சாப்பிடுகிறார்கள். தேங்காய்ப்பால் குழம்பான சொதி இல்லையா என்று கேட்டேன். அப்படியென்றால் என்னவென்று கேட்டார்கள். அரை மணி நேரம் சொதிக்கு விளக்கம் சொன்னதில் சந்தகை ஆறிப்போனது. பொழுதுபட ஒரு தள்ளுவண்டியில் 'காளான்' சாப்பிட்டேன். சூடான சிவப்புக் குழம்பில் கோஸும் மாவும்தான் நிறைய இருந்தது, காளானைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். இருந்தும் இரண்டாவது தட்டு வாங்கினேன்.

நான் அங்கே வாயைத் துடைத்துக்கொண்டு நின்ற நேரத்தில்தான் பட்டறையில் அந்தக் காரியம் நடந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை, ராகு காலத்துக்கு முன்பே மெஷினுக்குக் கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கி, சுவிட்சைப் போட்டார்கள். கொட்டையைக் கொட்டினார்கள். நான் போனை நீட்டிப் படம் பிடிக்கத் தொடங்கினேன். உள்ளே ஏதோ ஈரத் துணி சுற்றிக்கொண்டதுபோல ஒரு சத்தம். வெளியே வந்ததைப் பார்த்ததும் போனைத் தாழ்த்தினேன். ஓடு தோல்செருப்புப் போலத் துவண்டு கொட்டையோடு ஒட்டிக்கொண்டே கிடந்தது. பருப்பு நசிந்து, பிளந்து, அழுக்குப் பிடித்துக் கிடந்தது. முழுசாக ஒன்று, பெயருக்கு ஒன்று இல்லை.

கனகராஜ் ஒரு பிடி அள்ளி விரலால் உருட்டிப் பார்த்தார். அவருக்கே புரியவில்லை. "நேத்துப் பொழுதோடயே பக்குவமாத் தண்ணி தெளிச்சு, சாக்குப் போட்டு மூடி வெச்சமுங்களே அக்கா," என்றார்.

"தண்ணி தெளிச்சனீங்களோ? ஆரைக் கேட்டுத் தெளிச்சனீங்கள்?" என்றேன்.

அவர் ஆரையும் கேட்கவில்லை. கேட்கத் தேவையுமில்லை. கடலைக்காயை மெஷினில் போடும் முன்பு லேசாகத் தண்ணீர் தெளித்து வைப்பது இந்தப் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக வருகிற வழக்கம். அப்போதுதான் பருப்பு உடையாமல் முழுசாக வரும். தூரத்து நாட்டிலிருந்து வந்த கொட்டை, அதற்கு ஒரு குறையும் வைக்கக் கூடாது என்று, தானே நின்று தெளித்திருக்கிறார். புகையில் வாரக்கணக்காகக் காயவைத்த ஒன்றைத் திருப்பி நனைத்துவிட்டு, பக்குவம் பார்த்தேன் என்கிறார்.

எனக்கு வந்த கோபத்தில் யாழ்ப்பாணத்தில் இருக்கிற சொல் எல்லாம் வாய்க்கு வந்தது. விசர் வேலை, கோதாரி விழுந்த வேலை என்று தொடங்கி, நடுவில் இத்தாலி மொழிக்கும் போய் வந்தேன். கனகராஜ் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, நசிந்த கொட்டையைப் பார்த்தபடி நின்றார். அது எனக்கு இன்னும் எரிச்சலைத்தான் தந்தது. திட்டுவாங்கவும் மரியாதையாகத் திட்டுவாங்குகிற ஆளோடு எப்படிச் சண்டை பிடிப்பது? லாட்ஜுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மண்டபத்துச் சிரிப்பு காதுக்குள் கேட்டது. அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

மத்தியானம் கதவு தட்டுப்பட்டது. சாந்தி ஸ்கூட்டரில் வந்திருந்தார், கையில் ஒரு டப்பா ஒப்புட்டு. மன்னிப்பு அது இது என்று நீட்டி முழக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, "தண்ணி ஆகாதுன்னா எது ஆகுமுங்கக்கா? உங்கூர்ல எப்புடி அடிப்பாங்க?" என்று கேட்டார்.

சாக்கில் கட்டி அடிப்பார்கள் என்று எரிச்சலோடு சொன்னேன். எப்போது அடிப்பார்கள் என்று கேட்டார். புகைவீட்டுப் பரணிலிருந்து இறக்கின உடனே. ஆறவிட்டு அடிக்க மாட்டார்களா? இல்லை, ஆறினால் ஓடு இறுகிப் பிடித்துக்கொள்ளும், கை சுடச்சுட... அந்த இடத்தில் என் வாய் நின்றுவிட்டது. இத்தனை வருடம் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அடிப்பது ஆம்பிளைகளின் வேலை, மாவுதான் என் வேலை என்று இருந்துவிட்டேன். கனகராஜுக்கு நீளம் அனுப்பினேன், அகலம் அனுப்பினேன், சுடச்சுட என்ற ஒரு விஷயத்தை அனுப்பவில்லை.

"அப்பச் சூடுதானுங்க வேணும்," என்றார் சாந்தி. "எங்கண்ணனுக்குக் காங்கேயத்துல தேங்காப் பருப்புக் களம் இருக்குதுங்க. பங்குனி வெயிலுக்கு அங்க செருப்பில்லாம நிக்க முடியாதுங்க."

நான் ஒப்புட்டைப் பிய்த்து வாயில் போட்டேன். தேங்காய்ப் பூரணம் வைத்தது. அன்றைக்கு நான் சாப்பிட்ட முதல் சாப்பாடு அது.

சனிக்கிழமை மெஷின் டெம்போவில் ஏறியது. கனகராஜும் சாந்தியும் வெல்டரும் அதிலேயே போனார்கள். எனக்கும் இடம் இருந்தது, ஆனால் மீதிக் கொட்டைச் சாக்கை இனி என் கையை விட்டு விடுவதில்லை என்று வீம்பு பிடித்தேன். திறந்த டெம்போவில் சாக்கு வேண்டாம், நான் பஸ்ஸில் வருகிறேன் என்று சிங்காநல்லூர் பஸ் நிலையத்தில் கரூர் பஸ் ஒன்றில் ஏறினேன். சாக்கைக் காலுக்கடியில் வைத்து, அதன் மேல் காலையும் வைத்துக்கொண்டேன். சூலூர் வரைக்கும் நினைவிருக்கிறது. விமானத்து அலுப்பும் அழுத அலுப்பும் சேர்ந்து ஒரு தூக்கம் தூக்கியது.

முழித்துப் பார்த்தால் வெள்ளகோவில். காங்கேயம் எப்போதோ போய்விட்டது. ஏன் எழுப்பவில்லை என்று நடத்துநரோடு பாய்ந்தேன். அவர் பயணச்சீட்டுப் பையைச் சரிசெய்துகொண்டு பணிவாகச் சொன்னார்: "எழுப்புனேனுங்கம்மா. நீங்க கண்ணத் தொறக்காமலே ஏதோ பாசையில திட்டுனீங்க. அதானுங்க, தூங்கட்டும்னு உட்டுட்டேன்." பக்கத்து இருக்கைக்காரர்கள் எல்லாம் தலையாட்டிச் சாட்சி சொன்னார்கள். என் இத்தாலி கொங்குநாட்டில் முதன்முதலாகப் பயன்பட்ட இடம் அது. திரும்பி வந்த பஸ்ஸில் சாக்குக்குத் தனி டிக்கெட் போட்டார்கள். இந்த ஊரில் எல்லாரும் நேர்மையாக இருப்பது சில நேரம் தொல்லையாகத்தான் இருக்கிறது.

சாந்தியின் அண்ணன் தங்கவேலின் களம் ஊருக்கு வெளியே. கண்ணுக்கெட்டிய தூரம் சிமெண்டுத் தரை, அதில் வெள்ளை வெள்ளையாகத் தேங்காய் மூடிகள் மல்லாந்து கிடந்தன. பெண்கள் முக்காட்டோடு அவற்றைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு மூலையை எங்களுக்கு ஒதுக்கிக் கூட்டி வைத்திருந்தார் தங்கவேல். சாக்கை அவிழ்த்துக் கொட்டையைப் பரப்பினேன். வெயில் என்றால் வெயில். எங்கள் மலையில் ஆடி மாதத்தில் சட்டையைக் கழற்றிவிட்டுக் கிடந்து காய்வார்களே, அந்த ஆட்களை இங்கே கொண்டுவந்து விட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

களத்தில் வேலை செய்யும் ஓர் அம்மா வந்து, எந்த மரத்துக் கொட்டை என்று கேட்டார். போனில் படம் காட்டினேன். தை மாதத்தில் எடுத்த படம், மரம் மொட்டையாகப் பனிக்குள் நின்றது. "பட்டுப்போன மரத்தையாங்க படம் புடிச்சு வெச்சிருக்கீங்க?" என்றார். பட்டுப்போகவில்லை, இலையை உதிர்த்துவிட்டு நிற்கிறது, சித்திரையில் திரும்பத் தளிர்க்கும் என்றேன். அவர் படத்தை இன்னொரு தடவை உற்றுப் பார்த்தார். பிறகு, வெய்யத் தாழத் தார்ப்பாய் போட்டு மூடுங்க, பனி எறங்கும் என்று சொல்லிவிட்டுத் தன் வேலைக்குப் போனார்.

சாப்பாட்டு நேரத்தில் கனகராஜ் தானே இலையில் எனக்குப் பரிமாறினார். கொள்ளுப் பருப்பும் சோறும். பரிமாறிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "கடலைக்காய்க்குச் செய்யறாப்பலயே செஞ்சுபோட்டனுங்கக்கா. கேட்டிருக்கோணும்," என்றார். நானும் சொல்லியிருக்க வேண்டும் என்றேன். சூடாக அடிக்க வேண்டும் என்று நான் சொல்லாததை அவருக்கு விளக்கமாகச் சொன்னேன். அவர் இன்னொரு கரண்டி நெய் விட்டார். அதோடு எங்களுக்குள் கணக்குத் தீர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து கொட்டையையே சுற்றிச் சுற்றி வந்தேன். மிச்சமிருந்த கொட்டை ஒரு தடவை ஓட்டத்தான் காணும். ஒத்திகை பார்க்க வழியில்லை. அங்கே காலைப் பூசை முடிந்து கூட்டம் கூடும் நேரம் இங்கே உச்சி சாய்ந்த பொழுது. அதுவும் நல்லதுதான், களம் கொதிக்கிற நேரம். குனிந்து ஒரு கொட்டையைத் தொட்டேன், விரல் சுட்டது. குலுக்கிப் பார்த்தேன், ஓட்டுக்குள் பருப்புக் கலகலவென்று ஆடியது. புகைவீட்டிலிருந்து இறக்குகிறபோது இதே சத்தம்தான் கேட்கும்.

போனில் மண்டபம் வந்தது. பியெரோ முன் வரிசையில், பின்னால் ஊர் முழுக்க. கறுத்த கோட்டும் கம்பளிக் கழுத்துத் துணியுமாக இருந்தார்கள். என் பக்கத்தில் எல்லாரும் வியர்வையில் நனைந்து நின்றோம். எல்லாருக்கும் வணக்கம் சொல்லி, இதுதான் மெஷின், இவர்தான் செய்தவர் என்று கனகராஜைக் காட்டினேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். தொடங்கலாம் என்று சொல்லிச் சுவிட்சைப் போடச் சொன்னேன்.

உருளை ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. கரண்ட் போய்விட்டது.

 தங்கவேல் பக்கத்துத் தோட்டத்துக்குப் போன் போட்டார். அங்கேயும் இல்லையாம், லைனில் வேலையாம், எப்போது வரும் என்று தெரியாதாம். போனுக்குள் கதிரைகள் தரையில் உரசும் சத்தம் கேட்டது. பியெரோ கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மலர், நீ முயற்சி செய்தாய், அதற்கு நன்றி. ஓட்டெடுப்புக்குப் போகலாமா?" என்றார். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் போனது.

கொஞ்சம் பொறுங்கள், இங்கே பெரியவர்கள் ஒரு சடங்கு செய்கிறார்கள் என்று ஒரு பொய்யை எடுத்துவிட்டேன். தமிழில் கனகராஜைப் பார்த்து, ஏதாவது செய்யுங்கோ என்று கத்தினேன்.

அவர் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தார். கடலை மெஷின் என்றால் தோட்டங்காட்டுக்குள் போகும், அங்கே கரண்டுக்கு எங்கே போவது? அதனால் டிராக்டர் பெல்ட் மாட்ட ஒரு பெரிய சக்கரத்தையும் பக்கத்தில் வைத்துத்தான் செய்வார்களாம். நான் கேட்கவே இல்லை. சுவிட்சர்லாந்துக்குப் போகிற மெஷினுக்கு அது எதற்கு என்று அவரும் யோசிக்கவில்லை. கை பழகிய வேலை, அதுபாட்டுக்கு வைத்துவிட்டார். தங்கவேல் டிராக்டரைப் பின்னுக்கு எடுத்து வந்தார். வெல்டரும் சாந்தியும் பெல்ட்டை இழுத்து மாட்டினார்கள். களத்துப் பெண்கள் யாரும் சொல்லாமலே முறங்களை எடுத்து, கொட்டை ஆறிவிடாமல் தரையிலிருந்து சுடச்சுட வாரினார்கள். டிராக்டர் உறுமியது. மெஷின் சுற்றத் தொடங்கியது. பிள்ளையாரப்பா என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

சத்தம் முதலில் வந்தது. வெள்ளிக்கிழமை கேட்ட ஈரச் சத்தம் இல்லை. படபடவென்று, சோளம் பொரிகிற சத்தம். கண்ணைத் திறந்தேன். காற்றாடிப் பக்கத்தால் மண்ணிற ஓடு தூள்தூளாகப் பறந்து களத்தைத் தாண்டிப் போனது. மற்றப் பக்கத்தால் பருப்பு இறங்கியது, தந்தத்தின் நிறத்தில், ஒட்டுத் தோல்கூட இல்லாமல், முழுசு முழுசாக. கனகராஜ் இரண்டு கையாலும் அள்ளி என் கையில் போட்டார். சுட்டது. கீழே போட மனம் வரவில்லை. ஒன்றை வாயில் போட்டுக் கடித்தேன். அவித்துக் காயவைத்த புழுக்கொடியல் கடிக்கிற மாதிரி டக்கென்று முறிந்தது. அந்தச் சத்தம் மண்டபத்துக்குக் கேட்டிருக்கும்.

 போனைக் கூடைக்கு மேலே பிடித்தேன், அவ்வளவுதான். கூடை நிறைந்தது, சாந்தி அடுத்த கூடையை வைத்தார், அதுவும் ஏறத் தொடங்கியது. மண்டபத்தில் முதலில் ஒருவர் கை தட்டினார். பிறகு வரிசை வரிசையாக எழுந்து தட்டினார்கள். சாக்கு அடித்துத் தோள் போன கிழவர்கள்தான் பலமாகத் தட்டினார்கள். இங்கே களத்துப் பெண்களுக்கு யார் எதற்குத் தட்டுகிறார்கள் என்று தெரியாது, அவர்களும் முறத்தைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினார்கள். வெல்டர் ஒரு பருப்பை எடுத்து, பயம் ஒன்றுமில்லாமல், கடைவாயில் போட்டுக்கொண்டார். நான் சிரிக்கிறேனா அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை, இரண்டும்தான் நடந்தது.

பியெரோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டு போனுக்குக் கிட்ட வந்தார். "நீ சொன்னது சரி, மலர். நான் சிரித்தது பிழை. ஐப்பசியில் புகைவீட்டு அடுப்பை மூட்டுவோம்," என்றார். குரல் கொஞ்சம் தாழ்ந்துதான் வந்தது.

என்ன சொல்கிறார் என்று கனகராஜ் கேட்டார். களமே என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது. சொன்னேன். புகைவீடு நிற்கிறது, உங்கள் மெஷின் வருகிறது என்றேன். கனகராஜ் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

பிறகு நான் போனை ஸ்பீக்கரில் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி உயர்த்திப் பிடித்தேன். "பியெரோ, லைன் சரியில்லை, ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்சம் சத்தமாக இன்னொரு தடவை சொல்லுங்கள்," என்றேன்.

லைன் நன்றாகத்தான் இருந்தது. அது அவருக்கும் தெரியும். அவர் நிமிர்ந்து நின்று, கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, ஊர்ச் சனத்தின் பக்கம் திரும்பி, முதல் சொல்லிலிருந்து திரும்பச் சொன்னார்.